ஏழு பெயர்கள்

சனிக்கிழமை இரவு, கூலாய்

நாளை அம்மாவை ஜொகூர் பாருவுக்குக் கூட்டிப் போகிறோம். ஆஸ்பத்திரி வேலை ஒன்றும் இல்லை, புடவை எடுக்கவும் இல்லை. ஊரைப் பார்க்கப் போகிறோம். "பாக்குறதுக்கு அங்க என்னடி இருக்கு?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். மூன்று முறையும் எனக்குப் பதில் வரவில்லை.

இந்த யோசனை மகளுடையது. அவள் போலந்தில், கிராக்கோவ் நகரில் மருத்துவம் படிக்கிறாள். மலேசியாவிலிருந்து மருத்துவம் படிக்க அங்கே போகும் பிள்ளைகள் பலர். சென்ற ஆண்டு நானும் கணவரும் அவளைப் பார்க்கப் போனோம். மூன்று நாள் அந்தப் பழைய நகரைக் கால் வலிக்க நடந்து பார்த்தோம். 1257இல் வகுத்த தெருக்கள் இன்றும் அதே இடத்தில் கிடக்கின்றன. நடுவே பக்கத்துக்கு இருநூறு மீட்டர் அளவில் ஒரு சதுக்கம். 1364இல் தொடங்கிய பல்கலைக்கழகம். கோப்பர்நிக்கஸ் மாணவனாக நடந்த தெரு இது என்று மகள் காட்டியபோது, தரையில் பதித்திருந்த கல்லைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன்.

கடைசி இரவு அவள் கேட்டாள். "அம்மா, நம்ம ஊர ஒரு நாளாச்சும் இப்படி நடந்து பார்த்திருக்கோமா?"

பார்த்ததில்லை. ஜொகூர் பாரு எங்களுக்கு வாகன நெரிசல், கடப்பிதழ் வரிசை, வங்கி. அரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஊரை இத்தனை வருஷமாகக் கடந்துகொண்டே இருந்திருக்கிறோம்.

இப்போது அவள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். ஜொகூரில் பதினொரு வருஷம் வெள்ளியும் சனியுமாக இருந்த வார விடுமுறை 2025 முதல் மறுபடி சனி, ஞாயிறாகிவிட்டது. எல்லோரும் சேர்ந்து கிளம்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. மகள் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வைத்திருக்கிறாள். அம்மா தன் கைப்பையில் வெற்றிலைப் பொட்டலத்தையும் அடையாள அட்டையையும் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். அட்டை இல்லாமல் அவர் வாசற்படி தாண்டுவதில்லை. மலாயா அவசரகாலத்தில் வளர்ந்த பழக்கம்.


காலை, ஜாலான் உங்கு புவான்

முதலில் ராஜமாரியம்மன் கோயில். 1911இல் எழுந்தது. அன்றைய ஜொகூர் அரசரின் ஆதரவில் கிடைத்த நிலம் என்பதால் அம்மன் பெயரோடு "ராஜ" சேர்ந்துகொண்டது. கோபுரத்துக்கு எதிரே பூக்கடை, மளிகை, தங்கக் கடை. பூச்சரத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது.

அம்மா கோயிலுக்குள் நுழையவில்லை. வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கதான் லோரியில வந்து எறங்குவோம்" என்றார். குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். திருவிழாவுக்குத் தோட்டத்து லோரியில் நின்றுகொண்டே வருவார்களாம். திரும்பும்போது ஆளுக்கொரு கண்ணாடி வளையல் பொட்டலம்.

உள்ளே பூசை மணி அடித்தது. எங்கோ பின்புறம் யாரோ உடுக்கையைத் தட்டிப் பார்த்தார்கள். நாலைந்து தட்டு, அவ்வளவுதான். அம்மா தலையைத் திருப்பி ஒரு பெயரைச் சொன்னார்.

"யாரு பாட்டி அது?"

"எங்க தோட்டத்துல உடுக்க அடிச்சவரு. சயாமுக்குப் போனவரு. நான் பாத்ததில்ல. எங்கம்மா ஒப்பாரியில வருவாரு."

மகள் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள். ஊரின் குறிப்புகளுக்காகக் கொண்டு வந்த நோட்டு. முதல் வரியில் ஒரு மனிதரின் பெயர் ஏறியது.


ஜாலான் டோபி

துணி வெளுத்தவர்களின் பெயரில் ஒரு தெரு. வெள்ளைக்காரத் துரைகளின் பெயரும் அரச குடும்பத்தார் பெயரும் தாங்கிய தெருக்களுக்கு நடுவே, இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்களின் தொழிற்பெயர் இன்றும் நீலப் பலகையில் நிற்கிறது. அந்தப் பலகையின் கீழ் நான் கொஞ்ச நேரம் நின்றேன். வெளுத்தவர்கள் போய்விட்டார்கள். இப்போது கோப்பிக் கடைகள், சுவர் ஓவியங்கள், படம் எடுக்கும் இளைஞர்கள்.

1937 முதல் நடக்கும் சலாஹுதீன் ரொட்டிக் கடை இந்தத் தெருவில்தான். இந்திய முஸ்லிம் குடும்பத்தாருடையது. விறகு அடுப்பில் வேகும் ரொட்டி. சூடாகக் கறிபாப் வாங்கினோம். அம்மா கறிபாப்பை இரண்டாகப் பிட்டு ஆவி போகும்வரை ஊதினார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன்.

"டோபியா?" என்றவர், சற்றுப் பொறுத்து இரண்டாவது பெயரைச் சொன்னார். தோட்டத்தில் துணி வெளுத்தவர். துரை வீட்டுச் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டவர். அவரையும் லோரியில் ஏற்றினார்களாம். "மரம் வெட்டத் தெரியாது, மண்ணு வெட்டத் தெரியாதுன்னு அழுதாராம். யாரு கேட்டா."


ஜாலான் டான் ஹியோக் நீ

இந்த ஊரின் கதை சுருக்கமானது. 1855இல் தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் தஞ்சோங் புத்திரி என்ற மீனவக் குப்பத்தில் ஒரு குடியிருப்பை நிறுவினார். அவர் மகன் அபு பக்கார் அதை நகரமாக்கினார். 1885இல் சுல்தானானார். 1895இல் ஜொகூருக்கு எழுதப்பட்ட அரசமைப்பைத் தந்தார். அதே ஆண்டு லண்டனில் காலமானார். அவர்கள் காலத்தில் ஆற்றோரங்களைச் சீனத் தலைவர்களுக்கு விட்டு மிளகும் கம்பீரும் பயிரிட வைத்தார்கள். கங்சு முறை என்று பெயர். அப்படி எழுந்த பெரும் தலைவர்களில் ஒருவர் டான் ஹியோக் நீ. பிறகு ரப்பர் வந்தது. மரம் சீவத் தமிழர்கள் வந்தார்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக, பிறகு கங்காணிமார் அழைப்பில். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பை நிறுத்தும்வரை கப்பல்கள் வந்தன.

1919இல் தொடங்கிய ஹியாப் ஜூ ரொட்டிக் கடை முன் நீண்ட வரிசை. இங்கேயும் விறகு அடுப்புதான். வாழைப்பழக் கேக்கின் மணம் தெருமுனைவரை வருகிறது. கணவர் வரிசையில் நின்றார். அம்மாவுக்கு ஐந்தடி வழியின் நிழலில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டோம். கடைக்காரப் பெண்மணி எதுவும் கேட்காமல் ஒரு கோப்பை வெந்நீரும் கொடுத்தார். வயதானவர் களைத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இந்தத் தெருவில் அம்மாவுக்குப் பெயர் ஒன்றும் வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. பேனா மகளின் கையிலேயே இருந்தது.


ஜாலான் துருஸ், பழைய சீனக் கோயில்

உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே தணிந்து நிற்கும் ஓட்டுக்கூரை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோயில். தியோச்சூ, ஹொக்கியன், ஹக்கா, கன்டோனீஸ், ஹைனானீஸ் என்று ஐந்து பேச்சுவழக்குக் கூட்டத்தாரும் ஆளுக்கொரு தெய்வத்தை வைத்து ஒரே கூரையின் கீழ் வணங்குகிறார்கள். ஆண்டுதோறும் சீன நாட்காட்டியின் முதல் மாதத்தில் ஐந்து தெய்வங்களும் ஊர்வலமாக நகரைச் சுற்றி வரும். அந்த இரவில் ஊரே தெருவில் நிற்கும்.

இதே தெருவில் சீக்கியர்களின் குருத்வாரா. சற்றுத் தள்ளி மாதா கோயில். நடந்து போகும் தூரத்தில் மாரியம்மன். பல பக்கமிருந்து வந்தவர்கள் முதலில் தங்களுக்கு ஒரு கூரை போட்டுக்கொண்டு, பிறகு கடவுளுக்கும் பக்கத்தில் ஒரு கூரை போட்டிருக்கிறார்கள்.

ஊதுவத்திப் புகையில் ஐந்து உருவங்களையும் அம்மா வரிசையாகக் கும்பிட்டார். "எல்லாரும் ஒரே வீட்டுல இருக்காங்க" என்றார். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது இரண்டு பெயர்களைச் சேர்த்துச் சொன்னார். அண்ணன் தம்பி. ஒரே லயத்து வீட்டிலிருந்து ஒரே நாளில் போனவர்கள். அவர்கள் தாய் அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவைச் சாத்தியதே இல்லையாம். இரவில் வந்தால் தட்ட வேண்டியிருக்குமே என்று.

நோட்டில் நான்கு பெயர்கள்.


நண்பகல், பழைய ரயில் நிலையம்

1909இல் ஜொகூர் ரயில் பாதை கெமாஸில் வடக்குப் பாதையோடு இணைந்தது. அந்தக் காலத்து நிலையம் இது. 2010 அக்டோபரில் புதிய நிலையம் திறந்ததும் இதன் வேலை முடிந்தது. வெளியே நின்றுதான் பார்த்தோம்.

அம்மா வாழ்நாளில் ரயிலில் ஏறியதில்லை. எங்கள் பாட்டி ஏறவிடவில்லை. குளுவாங் ஸ்டேஷன் கோப்பி 1938 முதல் பேர் பெற்றது. ஊரே அங்கே போய் ரொட்டியும் கோப்பியும் சாப்பிடும். பாட்டி ஒரு நாளும் அந்தப் பக்கம் போனதில்லை. ரயில் கூவும் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொள்வார். சிறுமியாக அதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். இன்று அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்து நெஞ்சில் உறுத்துகிறது.

பாட்டி சொன்ன கதை இவ்வளவுதான். ஜப்பான்காரன் காலம். பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, எல்லா ஆண்களையும் வரச் சொன்னார்கள். சயாமில் மூன்று மாத வேலை, அரிசி கிடைக்கும், கூலி கிடைக்கும் என்றார்கள். போக மாட்டேன் என்று சொல்ல முடியாது. லோரியில் குளுவாங் ஸ்டேஷன். பாட்டி இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடு பின்னாலேயே போனார். அந்தக் குழந்தைதான் அம்மா. "சரக்குப் பொட்டியில ஏத்துனாங்க..." என்பதோடு கதை நிற்கும். அதற்கு மேல் ஒரு சொல்லும் வராது. பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். எத்தனை முறை கேட்டாலும் அதே இடத்தில்தான் நிற்கும்.

கிராக்கோவ் சதுக்கத்தில் மரியன்னை ஆலயக் கோபுரத்திலிருந்து மணிக்கொரு முறை எக்காளம் ஊதுகிறார்கள். நான்கு திசைக்கும் நான்கு முறை. ஒவ்வொரு முறையும் இசை பாதியில் சட்டென்று அறுந்துவிடும். படையெடுப்பை அறிவித்து ஊதிக்கொண்டிருந்த காவலன் தொண்டையில் அம்பு தைத்தது என்றும், அவன் நிறுத்திய இடத்தில் இன்றும் நிறுத்துகிறார்கள் என்றும் ஊர்க்கதை. அங்கே நின்று கேட்டபோது பாட்டி எனக்கு ஞாபகம் வரவில்லை. இன்று இந்தப் பூட்டிய நிலையத்தின் முன்னால்தான் வந்தார்.


நிழலில் அமர்ந்து எழுதிய குறிப்பு

கிராக்கோவில் நாங்கள் பார்த்த இன்னோர் இடத்தையும் எழுத வேண்டும். விஸ்துலா ஆற்றுக்கு அக்கரையில் ஒரு திறந்த சதுக்கம். அதில் இரும்பிலும் வெண்கலத்திலும் செய்த நாற்காலிகள் இடைவெளி விட்டு நிற்கின்றன. யாரும் இல்லாத நாற்காலிகள். அங்கே 1941 முதல் யூதர்களை அடைத்து வைத்த பகுதி இருந்தது. 1943 மார்ச் 13, 14 ஆகிய இரண்டு நாளில் அதை முற்றாகக் காலி செய்தார்கள். கொல்லப்பட்டவர்கள் போக மற்றவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் விட்டுப்போன வீட்டுச் சாமான்கள் சதுக்கமெங்கும் சிதறிக் கிடந்தன. அந்தக் காட்சியைச் சதுக்கத்தின் மூலையில் மருந்துக்கடை நடத்திய ததேயுஷ் பன்கியேவிச் பார்த்து எழுதி வைத்தார். அவர் யூதர் அல்லர். ஆனாலும் கடையை மூடாமல் அங்கேயே இருந்து, மருந்தும் மறைவிடமும் கொடுத்தவர். அந்தக் கடை இன்று அருங்காட்சியகம். மருத்துவம் படிக்கும் மகள் அங்கே வெகுநேரம் நின்றாள்.

வெளியே வந்ததும், "நம்ம கொள்ளுத் தாத்தாவும் 1943தானேம்மா?" என்று கேட்டாள்.

ஆமாம். அதே 1943. உலகின் இரண்டு மூலைகளில், ஒரே ஆண்டில், மனிதர்களைச் சரக்குப் பெட்டியில் ஏற்றியிருக்கிறார்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்லவில்லை. ஒரு கூட்டத்தையே இல்லாமல் ஆக்குவதற்காக ஓடிய ரயில் அது. ரயில் பாதை போடுவதற்காக ஆட்களைத் தின்ற ரயில் இது. பின்னால் நின்று பார்த்த பெண்களுக்கு வேறுபாடு இருந்திருக்காது.

ஜப்பானியர் போட்ட அந்தச் சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க் கைதிகளும், இரண்டு லட்சம் என்ற அளவில் ஆசியத் தொழிலாளர்களும் அதில் வேலை செய்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். கைதிகளில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். தொழிலாளர்களில் இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் அளவில் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். வாந்திபேதி, மலேரியா, பசி, அடி.

படைவீரர்களுக்குப் பதிவேடு இருந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரி இடுகாட்டில் ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. புல்லை ஒட்ட வெட்டிப் பூச்செடி வைத்துப் பேணுகிறார்கள். தோட்டத்து ஆட்களுக்குப் பதிவேடு எழுத யாரும் இல்லை. எண்களையே மதிப்பிட வேண்டியிருக்கும்போது பெயருக்கு எங்கே போவது?

நம் மரபில் வீழ்ந்தவருக்குக் கல் நடுவது உண்டு. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, அவர் பெயரையும் செயலையும் அதில் எழுதி, படையல் வைத்து வாழ்த்துவதுவரை படிப்படியாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. எண்பது வருஷம் கழித்து, 2023 மே முதல் நாள், காஞ்சனபுரியில் அந்தத் தமிழர்களுக்கு ஒரு நடுகல் எழுந்தது. நல்ல காரியம். எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு கல். பெயர் எழுதும் வேலை வீடுகளில் மிச்சம் இருக்கிறது.


புக்கிட் திம்பாலான் அடிவாரம்

குன்றின் மேல் சுல்தான் இப்ராகிம் கட்டடம். 1940இல் முடிந்தது. நீண்ட காலம் மாநில அரசின் செயலகம். அதன் சதுரக் கோபுரம் நகரின் எந்த மூலையிலிருந்தும் தெரியும். கட்டி முடித்த இரண்டே வருஷத்தில் ஜப்பானியப் படை அதில் ஏறி நின்று நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரைப் பார்த்தது. அழகான கட்டடம்தான். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்றார். வண்டியில் ஏறினோம்.


பிற்பகல், கண்ணாடிக் கோயில்

அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோயில் தெப்ராவ் சாலையை ஒட்டி, ரயில் தண்டவாளத்துக்கு அருகில் இருக்கிறது. 1922இல் சிறு குடிலாகத் தொடங்கியது. 2009இல் கண்ணாடிக் கோயிலாகப் புதுப் பிறவி எடுத்தது. ஏறக்குறைய மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், ஊதா, வெள்ளை. சுவரும் தூணும் கூரையும் ஒளிதான். ஆத்மலிங்கம் இருக்கும் சந்நிதியின் சுவர்களில் நேபாளத்து ருத்திராட்சங்களைப் பதித்திருக்கிறார்கள். புத்தருக்கும் அன்னை தெரேசாவுக்கும் அங்கே வெண்பளிங்கில் உருவங்கள் உண்டு.

வெளியூர்ப் பயணிகள் கூட்டம். எல்லோரும் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். அம்மா ஒரு தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் கை அவள் மடியில் இருந்தது. ஐம்பது வருஷம் பால் வெட்டிய கை. ஆட்காட்டி விரலின் பக்கத்தில் கத்தி பதிந்த தழும்பு இன்னும் மாறவில்லை.

"உங்கப்பாவப் பத்தி என்னென்ன தெரியும் பாட்டி?"

அம்மா யோசித்தார். மூன்று செய்திகள் கிடைத்தன. அவர் இடது கையால் மரம் சீவுவார். புளிக்குழம்பு இல்லாமல் சாப்பிட மாட்டார். ஊரிலிருந்து வந்தபோது தகரப் பெட்டி ஒன்று கொண்டு வந்தார், அதன் பூட்டுக்குச் சாவி கடைசிவரை கிடைக்கவில்லை. அவ்வளவுதான். புகைப்படம் இல்லை. ஒரு முழு மனிதரிடமிருந்து எண்பது வருஷம் கடந்து வந்து சேர்ந்தவை இந்த மூன்று.

அப்போது வெளியே ரயில் போயிற்று. கண்ணாடிச் சுவர் முழுவதும் மெல்ல அதிர்ந்தது போலிருந்தது. நான் அம்மாவின் கைகளைப் பார்த்தேன். அவை மேலே எழவில்லை. மகளின் மடியிலேயே இருந்தன.

ரயில் கடந்துபோனதும் ஐந்தாவது பெயரைச் சொன்னார். பதினாறு வயதுப் பையன். நோயாளி அப்பாவுக்குப் பதிலாக அவனாகவே லோரியில் ஏறிக்கொண்டானாம்.


மாலை, நீரிணைக் கரை

சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசல் மேட்டில் வெண்மையாக நிற்கிறது. 1892இல் தொடங்கி 1900இல் முடித்தார்கள். அதன் மினார்கள் இங்கிலாந்து மணிக்கூண்டுகளைப் போலிருக்கும். தொடங்கிய சுல்தான் அது முடிவதைப் பார்க்கவில்லை. மகன் இப்ராகிம் முடித்தார். கீழே நீரிணை அமைதியாகக் கிடந்தது. தொழுகை அழைப்பு நீரின் மேல் பரவிப் போயிற்று.

கிழக்கே கடற்பாலம் தெரிந்தது. ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1924 ஜூன் 28 அன்று முறையாகத் திறந்தார்கள். 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை அதில் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. இரண்டே வாரத்தில், பிப்ரவரி 15இல், சிங்கப்பூர் விழுந்தது. அம்மா பிறந்த வருஷம் அது. தேதி யாருக்கும் தெரியாது. அட்டையில் இருப்பது அலுவலகத்தில் யாரோ போட்ட தேதி.

இன்று அந்தப் பாலத்தில் விளக்குகள் ஓடிக்கொண்டே இருந்தன. வேலை முடிந்து சிங்கப்பூரிலிருந்து திரும்புகிறவர்கள். அவர்களில் எத்தனையோ பேர் நம் பிள்ளைகள். விடியுமுன் நான்கு மணிக்கு எழுந்து போய் இருட்டிய பிறகு வீடு சேர்கிறவர்கள். எழுகிற நேரம் பெரட்டு நேரம்தான். ஆனால் இவர்கள் இரவில் வீடு திரும்புகிறார்கள். அதை நினைத்துக்கொண்டே வெகுநேரம் பார்த்திருந்தேன்.

அம்மா ஆறாவது பெயரைத் தானாகவே சொன்னார். கங்காணியின் தங்கை மகன். "கங்காணி வீட்டுப் பிள்ளைய விட்டுருவாங்கன்னு நெனச்சாங்களாம். விடல."

"ஒங்க அப்பா பேரு பாட்டி?" என்று மகள் கேட்டாள். அம்மா நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை என்று நினைத்தேன்.


இரவு, வீடு

காதில் விழுந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் கைப்பையைக் கொண்டுவரச் சொன்னார்.

பாட்டியின் ஒப்பாரி ஆடி அமாவாசைக்கு வரும். தோட்டத்திலிருந்து போனவர்களைப் பேர் சொல்லி அழுவார். ஆறு பேர். ஏழாவது ஆள் தன் கணவர். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர். அதனால் அந்த இடத்தில் வெறும் அழுகைதான் வரும். தன் மகளான அம்மாவுக்குக்கூட அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை.

1948இல் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதான எல்லோரும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று சட்டம். அம்மாவுக்குப் பன்னிரண்டு ஆனதும் பாட்டி பதிவுக்குக் கூட்டிப் போனார். எழுத்தர் கேட்டார், அப்பா பேர் என்ன? பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எழுத்தர் மறுபடி கேட்டார். பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா முன்னால் வந்து அந்தப் பெயரைச் சொன்னார்.

"அப்பத்தான் எங்கப்பா பேர நான் மொதல்ல கேட்டேன்" என்றார் அம்மா.

பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் பெயர். அதன்பின் மலாய் வழக்கப்படி "இன்னாரின் மகள்" என்பதற்கான இரண்டு எழுத்துகள். அதன்பின் ஒரு பெயர். அந்த மனிதருக்குக் கல்லறை இல்லை, கல் இல்லை, படம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை வாசற்படி தாண்டும்போதும் அம்மா அவரைக் கைப்பையில் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். மருத்துவமனைப் பதிவில், வாக்குச் சாவடியில், வங்கி வரிசையில், அம்மாவின் பெயரைக் கூப்பிட்ட எல்லோரும் அந்த அப்பாவின் பெயரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

மகள் அட்டையைப் பார்த்து எழுத்துக் கூட்டி ஏழாவது பெயரை எழுதினாள்.

அந்தப் பெயர்களை நான் இங்கே எழுதவில்லை. அவரவர் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எங்கேயாவது இருப்பார்கள், முதலில் அவர்களைத் தேடிச் சொல்லிவிட்டுத்தான் ஊருக்குச் சொல்ல வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். தோட்டம் இப்போது செம்பனைக் காடு. லயங்கள் இல்லை. இருந்தாலும் தேடத் தொடங்குகிறோம்.

"அங்க என்னடி இருக்கு?" என்று நேற்று அம்மா கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. வெளுத்தவர் தெருவும் விறகு அடுப்பும் ஐந்து தெய்வக் கூரையும் அந்த ஊரில் எப்போதும் இருந்தன. அம்மா நடந்த பிறகு அவற்றின் பக்கத்தில் ஆறு மனிதர்கள் வந்து நின்றார்கள். வாசிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் பிறந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவரால் நடக்க முடிகிற காலத்திலேயே அவரைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊருக்குள் மெல்ல நடங்கள். கூடவே ஒரு நோட்டு இருக்கட்டும். வீடு திரும்பியதும் அவருடைய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, அவர் பெயருக்குப் பின்னால் இருக்கும் பெயரைப் படியுங்கள். அந்த மனிதரைப் பற்றி அவருக்குத் தெரிந்த மூன்று செய்திகளைக் கேட்டு, அன்றைக்கே எழுதி வையுங்கள்.